பத்தாம் வகுப்பு ஆங்கிலம்: இலக்கணம், சொற்கள், வாசித்தறிதல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரையாண்டு விடைத்தாள் கொடுத்த மறுநாளிலிருந்து என் கைப்பேசிக்கு ஓய்வு கிடையாது. பிள்ளைகள், அம்மாக்கள், அக்காக்கள், ஒருமுறை ஒரு தாத்தாகூட. எல்லாரும் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகளைத்தான். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களை வேண்டுமென்றே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

வினாத்தாளில் எதற்கு எவ்வளவு மார்க்?

முன்பு ஆங்கிலம் முதல் தாள், இரண்டாம் தாள் என்று இரண்டு இருந்தன. 2019-20 கல்வியாண்டில் இரண்டையும் சேர்த்து ஒரே தாளாக்கினார்கள். 2020இலும் 2021இலும் கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்காததால், அந்த ஒரே தாளை முதலில் தேர்வறையில் எழுதியது 2022 மே மாத செட்தான்.

மொத்தம் 100 மார்க், 3 மணி நேரம். முதல் பகுதி ஒன் மார்க் 14. அடுத்தது 2 மார்க் கேள்விகள் 10. மூன்றாவது 5 மார்க் கேள்விகள் 10. கடைசியில் 8 மார்க் கேள்விகள் இரண்டு.

இதை வேறு மாதிரிக் கூட்டிப் பாருங்கள். ஒன் மார்க் 14, இலக்கணம் 2 மார்க் மூன்று, ரோடு மேப் 2 மார்க், கடிதம், நோட்டீஸ், விளம்பரம், படம் பார்த்து எழுதுதல், பிழை திருத்தம் போன்றவற்றில் நான்குக்கு 20, வாசித்தறிதல் 8. கூட்டினால் சரியாக 50 வருகிறது. பாடத்துக் கேள்வி பதில், பாராகிராப், மனப்பாடச் செய்யுள், துணைப்பாடம் எல்லாம் சேர்ந்து மீதி 50. ஆனால் பிள்ளைகள் படிக்கும் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அந்த இரண்டாவது ஐம்பதுக்கே போகிறது. வீட்டில் சத்தம் போட்டுப் படிப்பது கேட்குமே, அது முழுக்கப் பாராகிராப்தான். முதல் ஐம்பதை "அதெல்லாம் ஹால்ல பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள்.

இலக்கணம் எங்கிருந்து தொடங்குவது?

வினையிலிருந்து. ஆங்கில வாக்கியத்தில் தமிழ்ப் பிள்ளைகள் செய்யும் தப்புகளில் பெரும்பங்கு வினையில்தான் இருக்கிறது.

தமிழில் வினையைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறது, வருகிறார்கள். ஆளுக்கு ஒரு விகுதி. ஆங்கிலத்தில் அவ்வளவும் உதிர்ந்துபோய், நிகழ்காலத்தில் ஒரே ஒரு 'எஸ்' மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஹீ, ஷீ, இட், இல்லாவிட்டால் ஒற்றை ஆள், ஒற்றைப் பொருள் வந்தால் அந்த 'எஸ்' ஒட்டும். ஐ கம், யூ கம், தே கம். ஆனால் ஹீ கம்ஸ். இவ்வளவு விகுதிகளைத் தப்பில்லாமல் பேசும் பிள்ளை அந்த ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவிடும். ஒவ்வொரு வருஷமும் எனக்கு இது ஆச்சரியம்தான்.

இரண்டாவது இடம் 'டிட்'. "டிட் யூ வென்ட்?", "ஐ டிட் நாட் ஸா" என்று எழுதுவார்கள். 'போகவில்லை' என்று தமிழில் சொல்லும்போது 'போக' என்பதில் காலம் இருக்கிறதா? இல்லை. அதே மாதிரிதான். 'டிட்' வந்துவிட்டால் காலத்தை அது சுமந்துகொள்ளும், அடுத்த வினை வெறும் கோ, ஸீ, கம் என்று நிற்கும்.

இந்த இரண்டையும் மட்டும் ஒரு வாரம் பாருங்கள். பாடப்புத்தகத்தில் ஏதாவது ஒரு பத்தியை எடுத்து எல்லா வினைக்கும் பென்சிலால் அடிக்கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் யார் செய்தது, எப்போது என்று கேட்டுப் பழகினால் போதும். பயிற்சிப் புத்தகம் வாங்க வேண்டாம்.

12 டென்ஸும் அட்டவணையாகத் தெரியும். ஆனால் கேள்வியில் தப்பாகிறது. ஏன்?

அட்டவணையைப் படித்திருக்கிறீர்கள், அது எப்போது வரும் என்று படிக்கவில்லை. தமிழோடு வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

வந்தான் என்றால் ஹீ கேம். வந்திருக்கிறான் என்றால் ஹீ ஹாஸ் கம். வந்திருந்தான் என்றால் ஹீ ஹாட் கம். வந்துகொண்டிருக்கிறான் என்றால் ஹீ இஸ் கமிங். பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்று பெயரைக் கேட்டுப் பயப்படும் பிள்ளை தினமும் "இருக்கிறான்" போட்டுப் பேசிக்கொண்டுதான் இருக்கிறது.

இரண்டு இடத்தில் மட்டும் தமிழ் காலை வாரிவிடும். ஒன்று, "நேற்று வந்திருக்கிறான்" என்று நாம் சொல்லலாம். ஆங்கிலத்தில் நேற்று, போன வாரம், 1947 என்று முடிந்துபோன காலத்தைச் சொல்லிவிட்டால் 'ஹாஸ்' வரவே வராது. ஹீ கேம் எஸ்டர்டே, அவ்வளவுதான். ஒன் மார்க்கில் இந்தப் பொறியை வைப்பார்கள்: வாக்கியத்தின் கடைசியில் ஓர் ஓரமாக 'எஸ்டர்டே' இருக்கும்.

மற்றொன்று, "2 வருஷமா இங்க இருக்கேன்" என்பது. தமிழில் நிகழ்காலம். அதை அப்படியே "ஐ ஆம் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்" என்று எழுதினால் தப்பு, "ஐ ஹாவ் பீன் ஹியர்" என்று வர வேண்டும். 'சின்ஸ்', 'ஃபார்' இரண்டில் எது என்ற சந்தேகத்துக்கும் தமிழே பதில் சொல்லும். 'திங்கட்கிழமையிலிருந்து' என்று வந்தால் சின்ஸ். 'மூணு நாளா' என்று வந்தால் ஃபார்.

எ, ஆன் எங்கே போடுவது? வவல் (உயிர் ஒலி) தெரியும், ஆனாலும் 'அவர்' (மணி நேரம்), யுனிவர்சிட்டி குழப்புகிறது.

இதற்கு நம் கையில் நல்ல கருவி இருக்கிறது. அந்தச் சொல்லை உச்சரிப்புப்படி தமிழில் எழுதுங்கள். முதல் எழுத்து உயிரெழுத்தாக இருந்தால் ஆன், உயிர்மெய்யாக இருந்தால் எ.

ஒரு மணி நேரத்தைக் குறிக்கும் அவர் 'அ'வில் தொடங்குகிறது, ஆன் அவர். நேர்மையானவன் ஆனஸ்ட், 'ஆ', ஆன் ஆனஸ்ட் மேன். எம்.எல்.ஏ. 'எ', ஆன் எம்.எல்.ஏ. யுனிவர்சிட்டி 'யு', அதனால் எ யுனிவர்சிட்டி. யூரோப்பியன், யூனிஃபார்ம் இரண்டும் 'யூ', எ தான். ஆங்கில எழுத்தைப் பார்த்தால் ஏமாற்றும், காதில் விழுவதைத் தமிழில் எழுதிப் பார்த்தால் ஏமாற்றாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. நாம் 'ஒன் ருபி' என்று எழுதிப் பழகிவிட்டோம். அதன் உச்சரிப்பு 'வன்'. 'வ' உயிர்மெய், எனவே எ ஒன்-ருபி காயின். 'ஹானஸ்ட்' என்று தப்பாகச் சொல்லிப் பழகியிருந்தாலும் விடை தப்பாகிவிடும். கருவி சரியாகத்தான் இருக்கும், உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டும்.

'தி' எங்கே என்பது இதைவிடக் கஷ்டம். தமிழில் அதற்கு இணையான சொல்லே இல்லை. இப்போதைக்கு ஒன்று பிடித்துக்கொள்ளுங்கள்: கதையில் முதல்முறை வரும்போது எ ஃபார்மர், மறுமுறை வரும்போது தி ஃபார்மர். 'ஒரு விவசாயி இருந்தான், அந்த விவசாயி' என்று பாட்டி சொல்வாளே, அந்த 'அந்த'.

வாய்ஸும் ரிப்போர்ட்டட் ஸ்பீச்சும் விதி விதியாக இருக்கிறதே?

தமிழ் அம்மா இதை ஏற்கெனவே நடத்தியிருப்பார்கள். செய்வினை, செயப்பாட்டுவினை. நேர்க்கூற்று, அயற்கூற்று. பெயர் மாறியிருப்பதால் இரண்டும் ஒன்று என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

'மாலா கடிதம் எழுதினாள்' என்பது 'கடிதம் மாலாவால் எழுதப்பட்டது' ஆகிறது. 'ஆல்' என்பது பை. 'பட்டது' என்பது வாஸ். 'எழுத' இருந்த இடத்தில் ரிட்டன், அதாவது வினையின் மூன்றாவது வடிவம். தி லெட்டர் வாஸ் ரிட்டன் பை மாலா. 'படுகிறது' என்றால் இஸ், 'படும்' என்றால் வில் பி. கேள்வியை முதலில் தமிழில் மாற்றிப் பாருங்கள், 'படு' எந்தக் காலத்தில் நிற்கிறதோ அதுதான் விடை.

அயற்கூற்றும் இப்படித்தான். "நான் நாளை இங்கே வருவேன்" என்று ரவி சொன்னதை ஊருக்குச் சொல்லும்போது, 'தான் மறுநாள் அங்கே வருவதாக ரவி சொன்னான்' என்போம். நான் தானாகிறது, நாளை மறுநாளாகிறது, இங்கே அங்கேயாகிறது. ரவி செட் தட் ஹீ வுட் கம் தேர் தி நெக்ஸ்ட் டே. அதே மூன்று மாற்றம், கூடவே வில் என்பது வுட் ஆகும்.

பிள்ளைகள் தடுமாறுவது கேள்வி வாக்கியத்தில். இஃப் போடுவதா, தட் போடுவதா? தமிழில் கேள்வி 'ஆ'வில் முடிகிறதா பாருங்கள். வந்தாயா, சாப்பிட்டாயா, இருக்கிறதா என்று முடிந்தால் இஃப் அல்லது வெதர். எங்கே, எப்போது, ஏன் என்று கேட்டிருந்தால் அந்தக் கேள்விச்சொல்லையே போட்டுவிடலாம், வேறொன்றும் வேண்டாம். கட்டளை என்றால் 'வரச் சொன்னார்', டோல்ட் ஹிம் டு கம். இதில் தட் நுழையக் கூடாது.

சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ்?

தனிநிலைத் தொடர், தொடர்நிலைத் தொடர், கலவைத் தொடர் என்று தமிழில் படித்தவைதான். தேர்வில் மாட்டுவது ஒரே இடத்தில்: "தோ ஹீ இஸ் புவர், பட் ஹீ இஸ் ஆனஸ்ட்". 'ஏழையாக இருந்தாலும் ஆனால் நேர்மையானவன்' என்று சொல்வோமா? ஒட்டாது அல்லவா? தோ போட்டால் பட் கிடையாது.

பிரிபொசிஷனுக்கு ஏதாவது வழி?

குறுக்குவழி இல்லை. நம் 'இல்' என்ற ஒற்றை உருபுக்கு இன், ஆன், அட் என்று மூன்று நிற்கின்றன. மேஜையில் என்றால் ஆன், சென்னையில் என்றால் இன், வாசலில் என்றால் அட். படிக்கும்போது வினையோடு சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். 'டிஸ்கஸ்' என்றாலே 'பற்றிப் பேசு' என்றுதான் அர்த்தம், அதற்குப் பிறகு 'அபவுட்' எழுதினால் 'பற்றிப் பற்றிப் பேசினோம்' என்றாகும்.

ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழில் உச்சரிப்பு எழுதிப் படிக்கலாமா? சார் திட்டுகிறார்.

நான் திட்ட மாட்டேன். ஆறாம் வகுப்பில் நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் பென்சிலால் எழுதுங்கள், வாய்க்குப் பழகியதும் அழித்துவிடுங்கள். அழிக்காவிட்டால் கண் எப்போதும் தமிழைத்தான் பார்க்கும், ஆங்கில எழுத்துக்கோவை மனத்தில் ஏறாது. தேர்வில் எழுதப்போவது ஆங்கில எழுத்தைத்தானே.

இன்னொரு சிக்கலும் உண்டு. என் வகுப்பில் ஒரு பையன் 'பேன்' என்று எழுதி வைத்திருந்தான். மேலே சுற்றுவதா, தடை செய்வதா, தோசை சுடுவதா என்று கேட்டேன். "தலையில இருக்கறதா சார்" என்று பின்பெஞ்சிலிருந்து குரல் வந்தது. தமிழில் ஒரே எழுத்தாக நிற்பது ஆங்கிலத்தில் மூன்று எழுத்தாகப் பிரிகிறது. எழுத்துப் பிழைகளில் கணிசமானவை இங்கிருந்துதான் வருகின்றன.

ஒரு நாளைக்கு எத்தனை சொல் படிக்க வேண்டும்?

ஐந்து போதும். ஆனால் நேற்றைய ஐந்தையும் முந்தாநாளைய ஐந்தையும் இன்று ஒரு தடவை பார்க்க வேண்டும். என் பத்தாம் வகுப்பில் ஒரு நாளைக்கு 20 என்று சபதம் போட்டு, அரையாண்டுக்குள் ஒரு நோட்டு முழுக்க நிரப்பினேன். அரையாண்டில் அதிலிருந்து கேட்ட மூன்று சொல்லும் 'பார்த்த மாதிரி இருக்கிறது' என்ற அளவில்தான் நினைவில் இருந்தன.

சினானிம் (ஒத்த பொருள்), ஆன்டோனிம் (எதிர்ப்பொருள்) கேள்விகள் ஆறு மார்க். சொல்லைத் தனியாகக் கேட்பதில்லை, பாடத்து வாக்கியத்தில் அடிக்கோடிட்டுக் கேட்பார்கள். எனவே சொல்லை வாக்கியத்தோடு நோட்டில் எழுதுங்கள். நான்கு பத்தி போட்டு சொல், பொருள், சினானிம், ஆன்டோனிம் என்று எழுதும் நோட்டு பார்க்க அழகாக இருக்கும். அதைவிட, பாடத்து வாக்கியம் ஒன்று, அதே சொல்லை வைத்து உங்கள் வீட்டைப் பற்றி நீங்களே எழுதியது ஒன்று என்று இருந்தால் சொல் ஒட்டிக்கொள்ளும். 'ஃபியூரியஸ்' என்ற சொல்லுக்கு ஒரு மாணவி "மை பாட்டி பிகேம் ஃபியூரியஸ் வென் தி கேட் டிராங்க் தி மில்க்" என்று எழுதினாள். அதற்குப் பிறகு வகுப்பில் ஒருவருக்கும் அந்தச் சொல் மறக்கவில்லை.

ஆன்டோனிம் கேட்கும்போது நான்கு விடைகளில் ஒரு சினானிமும் உட்கார்ந்திருக்கும். அவசரத்தில் அதைத்தான் கை குறிக்கும். கேள்வியில் ஆன்டோனிம் என்ற சொல்லை வட்டமிட்டுவிட்டு விடையைப் பாருங்கள்.

எதிர்ப்பொருள் தரச் சொல்லுக்கு முன்னால் ஒட்டும் இன், இம், இல், இர் எது எங்கே வரும்?

புணர்ச்சி நினைவிருக்கிறதா? தோன்றல், திரிதல், கெடுதல். மரம் + கள் சேரும்போது மரங்கள் ஆகிறது, பின்னால் வரும் எழுத்துக்கு ஏற்ப முன்னது திரிகிறது. ஆங்கிலத்திலும் அதுதான் நடக்கிறது. அடிப்படை 'இன்'. பின்னால் 'ப', 'ம' ஒலி வந்தால் உதடு முன்கூட்டியே மூடிக்கொண்டு 'இம்' ஆகும்: இம்பாசிபிள், இம்மெச்சூர். 'ல' வந்தால் இல்லீகல். 'ர' வந்தால் இர்ரெகுலர். மற்றவற்றுக்குப் பெரும்பாலும் இன்: இன்கரெக்ட், இன்விசிபிள். வாய் எப்படிச் சுலபமாகப் போகிறதோ அதுதான் விதி.

அன், டிஸ் இரண்டும் இந்த விதிக்குள் வராது, சொல்லோடு சேர்த்துத்தான் பழக வேண்டும்.

தெரியாத பத்தி கொடுத்துக் கேள்வி கேட்டால் கை நடுங்குகிறது. எப்படிப் பழகுவது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், 8 மார்க். வாசிக்கத் தெரிந்துவிட்டால் பாடமும் சுலபமாகும்.

ஒரு பத்தி எழுதிப் பார்ப்போம்.

"தி பாம்பன் பிரிட்ஜ், விச் வாஸ் ஓப்பன்ட் இன் 1914, வாஸ் தி ஒன்லி லிங்க் பை லேண்ட் பிட்வீன் ராமேஸ்வரம் அண்ட் தி மெயின்லேண்ட் அன்டில் எ ரோடு பிரிட்ஜ் கேம் அப் பிசைட் இட் இன் 1988. இன் டிசம்பர் 1964 எ சைக்ளோன் ஸ்வெப்ட் அவே எ பாசஞ்சர் டிரெயின் நியர் தனுஷ்கோடி அண்ட் டேமேஜ்ட் தி பிரிட்ஜ் பேட்லி. இட் வாஸ் ரிப்பேர்ட் இன் 46 டேஸ்."

முதல் வாக்கியத்திலேயே நிறையப் பேர் நின்றுவிடுவார்கள். காரணம், தமிழில் '1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலம்' என்போம். விவரம் எல்லாம் பெயருக்கு முன்னால் வரும், பெயரெச்சம். ஆங்கிலத்தில் பெயரைச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு விச், ஹூ, தட் போட்டு விவரத்தைச் செருகுவார்கள். எழுவாய் ஒரு மூலையில், வினை ஒரு மூலையில். எனவே இரண்டு காற்புள்ளிக்கு நடுவே இருப்பதை விரலால் மூடுங்கள். தி பாம்பன் பிரிட்ஜ்... வாஸ் தி ஒன்லி லிங்க். இப்போது வாக்கியம் தெரிகிறது. பிறகு விரலை எடுத்து நடுவில் உள்ளதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இனிக் கேள்விகள். "வென் வாஸ் தி ரோடு பிரிட்ஜ் பில்ட்?" என்று வந்தால் 1988 கண்ணிலேயே படும். ஆனால் அவசரக்காரப் பையன் முதலில் தெரிந்த 1914ஐ எழுதிவிட்டுப் போவான். ஆண்டைத் தேடாதீர்கள், ரோடு பிரிட்ஜ் என்பதைத் தேடுங்கள். ஆண்டு அதன் பக்கத்தில் இருக்கும்.

"ஹவ் டிட் பீப்பிள் ரீச் ராமேஸ்வரம் பை லேண்ட் இன் 1950?" இதற்கு விடை பத்தியில் எங்கும் நேரடியாக இல்லை. 1950 என்ற எண்ணே இல்லை. பிள்ளைகள் முதல் வாக்கியத்தை முழுசாகத் தூக்கி விடைத்தாளில் வைத்துவிடுவார்கள். யோசித்தால் புரியும்: சாலைப் பாலம் 1988இல்தான் வந்தது. பத்தி ரயிலைப் பற்றியும் பேசுகிறது. அப்படியென்றால் 1950இல் ரயிலில்தான் போயிருக்க வேண்டும். விடை எழுதும்போது கேள்வியையே திருப்பிப் போடுங்கள். டிட் கழன்றுகொள்ளும், அதன் காலம் வினைக்குப் போகும்: "பீப்பிள் ரீச்ட் ராமேஸ்வரம் பை டிரெயின்." ஐந்து சொல் போதும்.

"வாட் டஸ் 'இட்' ரெஃபர் டு?" என்று கடைசி வாக்கியத்து இட் பற்றிக் கேட்டால், ரிப்பேர் செய்தது பாலத்தையா ரயிலையா என்று பாருங்கள். ரயில் கடலோடு போய்விட்டது. பாலம்தான்.

"ஃபைண்ட் எ ஃபிரேஸ் விச் மீன்ஸ் 'கேரிட் ஆஃப் பை ஃபோர்ஸ்'" என்றால் ஸ்வெப்ட் அவே. அந்தச் சொல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. புயல் ரயிலை என்ன செய்திருக்கும் என்று கதையைப் பார்த்தாலே கிடைக்கும்.

வரிசையும் முக்கியம். முதலில் கேள்விகளை ஒரு தடவை, அடுத்துப் பத்தியை நிறுத்தாமல் ஒரு தடவை, அப்புறம் ஒவ்வொரு கேள்விக்கும் பத்திக்குத் திரும்பிப் போக வேண்டும். தெரியாத சொல்லில் நிற்காதீர்கள். வாரத்துக்கு இரண்டு பத்தி போதும், பழைய வினாத்தாள்களில் தாராளமாக இருக்கின்றன. 7ஆம் வகுப்பு, 8ஆம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தின் பின்பக்கப் பாடங்களும் நல்ல பத்திகள்தான். அதை எடுத்துப் படிக்க வெட்கப்பட வேண்டாம்.

பத்திக்குப் பதில் கவிதையை எடுக்கலாமா?

சாய்ஸ் இருக்கிறது. கவிதை சின்னதாக இருப்பதால் சுலபம் என்று நினைத்துப் போவார்கள். சொற்கள் இடம் மாறி நிற்பதால் பத்திதான் பெரும்பாலும் பாதுகாப்பு. ரைம் சொற்களைக் கேட்கும் கேள்வி மட்டும் இலவசம்.

வாக்கியங்களை வரிசைப்படுத்தும் கேள்விக்கு நம்பர் மனப்பாடம் செய்து போகிறேன். தப்பா?

வேறு பாடத்திலிருந்து வந்தால் என்ன செய்வீர்கள்? கதை தெரிந்திருந்தால் போதும், தெரியாவிட்டாலும் தடயம் இருக்கிறது. 'ஹீ', 'தே' என்று தொடங்கும் வாக்கியம் முதலில் வராது, யார் என்று சொன்ன பிறகுதான் வரும். எ போட்ட சொல் முன்னால், அதே சொல் தி போட்டுப் பின்னால். ஃபைனலி, அட் லாஸ்ட் என்றிருந்தால் கடைசிப் பக்கம். முதலும் கடைசியும் கிடைத்துவிட்டால் நடுவில் மூன்றுதான் மிஞ்சும்.

கைடு வாங்கலாமா?

வாங்குங்கள். கேள்விகளுக்காக வாங்குங்கள். நான் கைடில் நகராட்சி ஆணையருக்குக் குடிதண்ணீர் வரவில்லை என்ற கடிதத்தை அட்சரம் பிசகாமல் படித்துப் போனேன். அரையாண்டில் தெருவிளக்கு எரியவில்லை என்று கேட்டிருந்தார்கள். ஆணையர் அதே ஆணையர்தானே என்ற துணிச்சலில் குடிதண்ணீரையே எழுதிவைத்தேன். விலாசத்துக்கும் கையெழுத்துக்கும் கிடைத்த மார்க் மட்டும்தான். இப்போது வகுப்பில் கடிதத்தின் நடுப்பகுதியைச் சொல்லிக்கொடுப்பதே இல்லை. என்ன பிரச்சினை, எத்தனை நாளாக, யாருக்குக் கஷ்டம், என்ன செய்ய வேண்டும் என்று நாலே வாக்கியம் அவர்களையே எழுத விடுகிறேன்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது. மகளுக்கு எப்படி உதவுவது?

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மா ஒருவர் கட்டடவேலைக்குப் போகிறவர். நான் சொன்னது இதுதான்: "புத்தகத்தில் அரைப் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கம்மா, படிச்சதைத் தமிழ்ல கதையா உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்க. நடுவுல 'யாரு, எதுக்கு, அப்புறம் என்னாச்சு'ன்னு கேளுங்க." வாசித்தறிதல் கேள்விகளில் ஹூ, ஒய், வாட் ஹேப்பண்ட் என்று கேட்பதும் அதைத்தான். பிள்ளை எங்கே மழுப்புகிறதோ அந்த வாக்கியம் புரியவில்லை என்று அர்த்தம். அதில் ஒரு கோடு போட்டு மறுநாள் டீச்சரிடம் கேட்கச் சொல்லலாம். அந்த அம்மா சமைக்கும்போதே இதைச் செய்கிறாராம்.

செல்போனில் மொழிபெயர்த்துப் படிக்கலாமா?

சொல்லுக்குப் பொருள் பார்க்க எடுங்கள். முழுப் பத்தியையும் தமிழாக்கிப் படித்தால் தமிழ்தான் படிக்கிறீர்கள்.

இன்னும் 40 நாள்தான் இருக்கிறது. பாஸானால் போதும் என்ற நிலையில் இருப்பவருக்கு?

35 வேண்டும். ரோடு மேப் 2: கோ ஸ்ட்ரெய்ட், டேக் தி ஃபர்ஸ்ட் லெஃப்ட், ஆன் யுவர் ரைட் என்ற மூன்று தொடரை வைத்து எழுதிவிடலாம். ஆனால் வலது இடது படத்தில் நடந்து போகிறவனுக்கு, பேப்பரைப் பார்க்கிற உங்களுக்கு அல்ல. பேப்பரைத் திருப்பி வைத்துப் பாருங்கள். மனப்பாடச் செய்யுள் 5. விளம்பரம், நோட்டீஸ், கடிதம், படம் நான்குக்கும் அமைப்பு சரியாக இருந்தால் தலா மூன்று நான்கு வரும். வாசித்தறிதலில் பாதி. ஒன் மார்க் 14இல் 7. இவையே 30ஐத் தொட்டுவிடும். துணைப்பாடத்தில் இரண்டு கதையைத் தமிழில் நன்றாகத் தெரிந்துகொண்டு, கொடுத்திருக்கும் ஹின்ட்ஸை முழு வாக்கியமாக்கினால் மீதி.

ஒன் மார்க்கில் விடைக்குறியீடு, விடை இரண்டையும் எழுதச் சொல்லித் தாளிலேயே இருக்கும். வெறும் 'ஏ', 'பி' என்று எழுதிவிட்டு வராதீர்கள்.

தேர்வறையில் முதல் 15 நிமிடத்தில் என்ன செய்வது?

10 நிமிடம் வினாத்தாள் படிக்க, 5 நிமிடம் விடைத்தாளில் விவரம் சரிபார்க்க. அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளைகள் தாங்கள் படித்த பாராகிராப் வந்திருக்கிறதா என்று தேடுவார்கள். அதற்கு 1 நிமிடம் போதும். மிச்ச நேரத்தில் வாசித்தறிதல் வரும் 47ஆவது கேள்விக்குப் போய் அந்தப் பத்தியை ஒருமுறை நிதானமாக வாசித்துவிடுங்கள். இரண்டரை மணி நேரம் கழித்து, கை வலிக்கும் நேரத்தில் அதை மறுபடி பார்க்கும்போது தெரிந்த பத்தியாக இருக்கும்.